கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பெரியோர் சொல்வர். அது உண்மையென்றால், சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டுக் குஞ்சுகள் எட்டும் எதனால் செத்தன? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரை எழுதும் அளவுக்குச் சில செய்திகளை அறிந்துகொண்டோம். நம் பள்ளித் தோழியரில் பலர் வீடுகளில் கோழி வளர்க்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம். கோழி வளர்க்காத தோழியரும் கொஞ்சம் பொறுத்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எச்சத்தைப் பற்றிய கட்டுரையா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். கோழிக்கு எந்த நோய் என்பதை அதன் எச்சம்தான் முதலில் சொல்கிறது.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில், வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது என்பது நாம் அறிந்ததே. தண்ணீர் வளம் நமக்குப் பெருமை. ஆனால் வாய்க்காலை ஒட்டிய வீடுகளில் கொல்லைத் தரை எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இந்த ஈரத்தை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறோம்.

எங்கள் அப்பா திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கென்று இருப்பது கோழிதான். முட்டை விற்றதும் சேவல் விற்றதும் அம்மாவின் சிறுவாட்டுப் பணம். சென்ற புரட்டாசியில் கருப்புப் பெட்டையைப் பதினைந்து முட்டையில் அடை வைத்தோம். இருபத்தோராம் நாள் பதின்மூன்று குஞ்சு பொரித்தது. ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. மீதி பன்னிரண்டையும் வளர்த்து, தை மாதம் விற்று, எங்கள் தங்கைக்கு மூக்குக் கண்ணாடி வாங்குவது என்று பேசி வைத்திருந்தோம். அவளுக்குக் கரும்பலகையில் எழுதுவது சரியாகத் தெரிவதில்லை. முன் பெஞ்சில் உட்காரவைத்தும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள்.

குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆனபோது மழை பிடித்தது. மழை தொடங்கிய ஏழாம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால், இரண்டு குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கை தொங்க, கண்ணை மூடிக் குறுகி நின்றன. கீழே எச்சத்தில் இரத்தம் கலந்திருந்தது. மாலைக்குள் ஒன்று செத்துவிட்டது. மறுநாள் மூன்று.

அப்போது நாங்கள் செய்ததை எல்லாம் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பத்தா சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைத்து ஊட்டினார். அதனால் தீங்கு ஒன்றுமில்லை. கடைத்தெருவில் ஒருவர், மனிதருக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மாத்திரையைத் தந்து, நான்காக உடைத்துப் போடச் சொன்னார். போட்டோம். அடுத்த வீட்டுப் பெரியம்மா, "சீக்கு வந்துருச்சுத்தா, மிச்சத்தையாச்சும் வந்த வெலைக்குத் தள்ளிவிடு" என்றார். அம்மா அதற்கு உடன்படவில்லை. சீக்கு வந்த கோழியைச் சொல்லாமல் விற்பது பாவம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் எங்களால் ஆனது என்று, நிறைய பினாயிலைக் கரைத்துக் கொல்லைத் தரை முழுவதும் கழுவிக் கழுவி விட்டோம். தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. குஞ்சுகள் அந்த ஈரத்திலேயே நின்றன. மேலும் மூன்று செத்தன.

ஐந்தாம் நாள் அம்மா, செத்த குஞ்சு ஒன்றையும் நோயுற்ற குஞ்சு ஒன்றையும் கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார். அன்று விடுமுறை, நாங்களும் உடன் சென்றோம். மருத்துவர் செத்த குஞ்சின் வயிற்றைக் கத்தரியால் திறந்து எங்களை அருகில் அழைத்துக் காட்டினார். அதைச் சொல்லுமுன் கோழியின் குடல் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்திய தானியம் முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பிறகு செரிமான நீர் சுரக்கும் சிறு இரைப்பைக்குள் சென்று, அதன் பின் தடித்த தசையாலான அரைவைப்பைக்குப் போகிறது. கோழி பொறுக்கி விழுங்கிய சிறு கற்கள் அங்கே திருகைக் கல்லைப் போல் வேலை செய்கின்றன. அடுத்தது சிறுகுடல். சிறுகுடல் முடியும் இடத்தில், ஒரு முனை மூடிய இரண்டு நீளப் பைகள் இருபுறமும் இருக்கின்றன. இவற்றுக்குக் குருட்டுக்குடல் என்று பெயர். நமக்கு ஒன்று, கோழிக்கு இரண்டு. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் சுண்ணாம்பு வைத்தது போல் காணும் வெள்ளைதான் அதன் சிறுநீர். அது யூரிக் அமிலம். ஆகவே எச்சத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் நோய் என்று பயப்படக் கூடாது. இன்னொன்று, நாள்தோறும் சில தடவை பழுப்பு நிறத்தில், குழைவாக, மிகவும் நாற்றத்துடன் ஓர் எச்சம் வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. அதுவும் இயற்கையே. எங்கள் தெருவில் இதைக் கண்டு பயந்து நல்ல கோழிக்கு மருந்து ஊற்றியவர்களும் உண்டு.

மருத்துவர் திறந்து காட்டிய குஞ்சில், அந்த இரண்டு குருட்டுக்குடல்களும் வீங்கி, கருஞ்சிவப்பாக, உறைந்த இரத்தம் அடைத்து நின்றன. மற்ற குடல் பார்வைக்கு அவ்வளவாகக் கெடவில்லை. "இது சீக்கு இல்லம்மா, இரத்தக் கழிச்சல்" என்றார் அவர். நாங்கள் அதுவரை எல்லாக் கழிச்சலையும் ஒரே நோய் என்று எண்ணியிருந்தோம். எங்கள் பிழை அங்கேதான் தொடங்கியது.

இரத்தக் கழிச்சலை உண்டாக்குவது பாக்டீரியாவும் அல்ல, வைரசும் அல்ல. அது ஓர் ஒட்டுண்ணி. ஒரே செல்லாலான உயிர். நாம் பாடத்தில் படித்த அமீபாவைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். இதன் இனத்துக்கு ஐமீரியா என்று பெயர். தியோடர் ஐமர் என்ற ஜெர்மானிய விலங்கியலாரின் நினைவாக 1875-ஆம் ஆண்டில் இப்பெயர் இடப்பட்டது. ஆனால் இந்த வகை உயிரை முதன்முதல் கண்டவர் அவருக்கும் இருநூறு ஆண்டுகள் முற்பட்ட லூவன்ஹாக். 1674-ஆம் ஆண்டில் அவர் தாமே செய்த நுண்ணோக்கியில் முயலின் பித்தநீரைப் பார்த்தபோது முட்டை வடிவமான துகள்களைக் கண்டார். அவை முயலுக்கு வரும் ஐமீரியாவே என்று பிற்காலத்தில் அறிந்தனர். கோழிக்கு வரும் வகைகளைப் பிரித்து விரிவாக எழுதியவர் அமெரிக்கரான டைசர், 1929-ஆம் ஆண்டில். அவற்றுள் குருட்டுக்குடலைத் தாக்குவது ஐமீரியா டெனெல்லா. எங்கள் குஞ்சுகளைக் கொன்றது இதுதான்.

இந்த ஒட்டுண்ணி எவ்வாறு பரவுகிறது என்பதைத்தான் எல்லோரும் அறிய வேண்டும். நோயுற்ற கோழியின் எச்சத்தோடு இதன் முட்டை போன்ற கூடு வெளியே வருகிறது. வெளிவந்த அந்த நேரத்தில் அது யாருக்கும் தீங்கு செய்யாது. அதை அப்போதே ஒரு குஞ்சு விழுங்கினாலும் நோய் வராது. அது முற்ற வேண்டும். முற்றுவதற்கு மூன்று வேண்டும்: காற்று, வெதுவெதுப்பு, ஈரம். இம்மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் கூட்டுக்குள் நான்கு அறைகளும், ஒவ்வொன்றிலும் இரண்டாக எட்டு உயிர்களும் உண்டாகிவிடும். இப்போது குஞ்சு தரையைக் கிளறிக் கொத்தும்போது அதை விழுங்கினால், அரைவைப்பையில் கூடு நசுங்கி, எட்டும் வெளிப்பட்டுக் குடல் சுவரில் நுழைகின்றன. அங்கே ஒன்று பலவாகி, செல்களை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி புதுச் செல்களில் நுழைகின்றன. ஐந்தாம் ஆறாம் நாளில் குடல் கிழிந்து இரத்தம் வருகிறது. ஒரு கூட்டை விழுங்கினால் பல்லாயிரம் கூடுகள் எச்சத்தில் வரும்.

மழை பிடித்த நாளையும் குஞ்சு விழுந்த நாளையும் எண்ணிப் பாருங்கள். முற்ற ஓரிரு நாள், குடலுக்குள் ஐந்து நாள். ஏழாம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினோம் என்று மேலே எழுதினோமே, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

பினாயில் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கும். இந்தக் கூட்டின் ஓடு மிகவும் உறுதியானது. பினாயில், பிளீச்சிங் பவுடர் முதலியவை வீட்டில் நாம் கலக்கும் அளவில் அதை ஒன்றும் செய்வதில்லை. அதைக் கொல்வது வெயிலும் வறட்சியும். நாங்களோ கழுவிக் கழுவி அதற்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மருத்துவர் இதைச் சொன்னபோது எங்கள் தங்கை அழுதுவிட்டாள். "நாங்கதானே கழுவிவிட்டோம்" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எங்களுக்கும் சொல் கிடைக்கவில்லை.

தண்ணீரில் கலந்து கொடுக்க மருத்துவர் ஆம்ப்ரோலியம் என்ற மருந்துப் பொடி தந்தார். இது வேலை செய்யும் விதம் எங்களை வியக்கவைத்தது. ஒட்டுண்ணி வளர வைட்டமின் பி1 தேவை. ஆம்ப்ரோலியம் பார்வைக்கு அந்த வைட்டமினைப் போலவே அமைந்த பொருள். ஒட்டுண்ணி வைட்டமின் என்று எண்ணி இதை எடுத்துக்கொண்டு, உண்மையான வைட்டமின் கிடைக்காமல் அழிகிறது. ஆகையால் இம்மருந்து கொடுக்கும் நாட்களில் பி1 சேர்ந்த சத்து மருந்தைக் கூடவே கொடுக்கக் கூடாது. அளவை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். நான்கு குஞ்சுகள் பிழைத்தன. பிழைத்தவற்றுக்கு அந்த வகை ஒட்டுண்ணியை எதிர்க்கும் சக்தி உடலில் உண்டாகிவிடுமாம்.

அறிவியல் ஆசிரியையிடம் இதையெல்லாம் சொன்னோம். "கேட்டதை நம்பினால் போதாது, பார்த்து நம்புங்கள்" என்று சொல்லி, பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கியை எடுத்துக் கொடுத்தார். செய்முறை எளியது. எச்சத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து (அந்த வடிகட்டியை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகவில்லை), அதில் இனிமேல் கரையாது என்னும் அளவுக்குச் சாப்பாட்டு உப்பைக் கரைத்தோம். உப்பு நீர் கனமானதால் ஒட்டுண்ணிக் கூடுகள் மேலே மிதந்து வரும். இருபது நிமிடம் கழித்து மேற்பரப்பிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தோம். கையுறை போட்டுக்கொண்டோம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். கோழியின் ஐமீரியா மனிதருக்கு வராது. ஆனால் எச்சத்தில் மனிதருக்கு வயிற்று நோய் தரும் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாவும் இருக்கலாம்.

முதலில் காற்றுக் குமிழிகளைப் பார்த்துவிட்டு இதுதான் என்று கூச்சலிட்டோம். ஆசிரியை சிரித்தார். பிறகு உண்மையான கூடுகள் தெரிந்தன. மெல்லிய இரட்டைக் கோடு போட்ட முட்டை வடிவம், நடுவில் ஓர் உருண்டை. அதே எச்சத்தின் ஒரு பகுதியை ஈரமாகவே மூடி வைத்து, இன்னொரு பகுதியை வெயிலில் உலர்த்தி, இரண்டு நாள் கழித்து மீண்டும் பார்த்தோம். ஈரத்தில் இருந்தவற்றில் உருண்டை நான்காகப் பிரிந்திருந்தது. வெயிலில் காய்ந்தவை பெரும்பாலும் சுருங்கிக் குழிந்து கிடந்தன. வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று பார்த்தது.

அப்புறம் ஒரு தோழி, "தாய்க் கோழிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதன் எச்சத்தையும் பார்ப்போமே" என்றாள். நல்ல கேள்வி. கொண்டுவந்து பார்த்தோம். கருப்புப் பெட்டையின் எச்சத்திலும் சில கூடுகள் இருந்தன! வளர்ந்த கோழி சிறு வயதிலேயே நோயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டு தேறியிருக்கும். அதற்கு நோய் தெரியாது, ஆனால் கூடுகளைச் சிறிதளவு வெளியிட்டுக்கொண்டே இருக்கலாம். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்குத்தான் ஆபத்து மிகுதி. ஆகவே பழமொழி பொய்யில்லை, கோழி மிதித்துக் குஞ்சு சாகவில்லை. கோழி போட்டதை ஈரத்தில் இரண்டு நாள் கிடக்கவிட்டவர்கள் நாங்கள்.

இனி மற்றக் கழிச்சல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் சீக்கு என்று சொல்வது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல் நோய். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். ராணிகேத் என்பது இமயமலைச் சாரலில், இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1927-ஆம் ஆண்டில் அங்கே இந்நோய் கண்டறியப்பட்டதால் அவ்வூரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே இதே நோய் கண்டதால் உலகில் மற்ற இடங்களில் நியூகாசில் நோய் என்பர். பாவம், அழகான மலையூர், கோழி நோயால் பெயர் பெற்றுவிட்டது. இது வைரசால் வருவது. எச்சம் தண்ணீராக, பச்சையும் வெள்ளையுமாகப் போகும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். குஞ்சு, கோழி என்ற வேறுபாடு இல்லாமல் தெருவையே காலி செய்துவிடும். இரத்தக் கழிச்சலில் கழுத்து திருகுவதில்லை, மூச்சு வாங்குவதும் இதன் அடையாளமல்ல. வேறுபாட்டை இப்படி ஓரளவு ஊகிக்கலாம். உறுதி செய்ய மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல் வந்த பின் அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. வருமுன் தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை நோய்களுக்கான தடுப்பு மருந்துகளை இராணிப்பேட்டையில் உள்ள அரசு நிறுவனம் 1932-ஆம் ஆண்டு முதல் செய்து வருகிறது. இவ்வளவு வசதி இருந்தும் வீட்டுக் கோழிகளுக்கு ஏன் பலர் போடுவதில்லை? சோம்பல் மட்டும் காரணமல்ல என்பது எங்கள் கருத்து. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு ஆகும். நம்மிடம் இருப்பதோ பத்துக் குஞ்சு. குப்பியைக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், மீந்ததைக் கொட்ட வேண்டும். பத்துக் குஞ்சுக்காக யார் இவ்வளவு பாடுபடுவார்கள்? இந்த இடையூற்றை எண்ணித்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், வெயிலைச் சற்றுத் தாங்கக்கூடிய தடுப்பு மருந்தைக் குருணை போன்ற தீவனமாகவே செய்திருக்கிறார்கள். குஞ்சு அதைக் கொத்தித் தின்றால் போதும். அப்பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று 2020-ஆம் ஆண்டு முதல் நம் தேனியிலேயே நடைபெறுகிறது என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். மருத்துவம் படிக்க ஆசைப்படும் நம் வகுப்பு மாணவியர் சிலர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பொரித்த முதல் வாரத்தில் வருவது வேறு ஒன்று. குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து, வழியையே அடைத்துவிடும். குளிர் பட்டாலும், தண்ணீர் போதாவிட்டாலும், ஒவ்வாத தீனி தின்றாலும் இப்படி ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெல்லத் துடைக்க வேண்டும். காய்ந்ததைப் பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். துடைத்த பின் ஈரம் உலரும் வரை கதகதப்பில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு குஞ்சுக்கு இப்படி ஆனால் கவலையில்லை. பொரித்த சில நாட்களிலேயே பல குஞ்சுகள் சுண்ணாம்பு போல் வெள்ளையாகக் கழிந்து சாகுமானால் அது சால்மொனெல்லா வகைப் பாக்டீரியாவாக இருக்கலாம். தாய்க் கோழியிடமிருந்து முட்டை வழியாகவே அது குஞ்சுக்கு வருவதால், அக்கோழியின் முட்டையை மறுபடி அடை வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பொரித்த குஞ்சு முதல் நாளே தின்னவில்லை என்று சிலர் வாயைத் திறந்து ஊட்டுகிறார்கள். அது வேண்டாத வேலை. முட்டையின் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு அதுவே அதன் கட்டுச்சோறு.

தீனிப்பை அடைப்பும் உண்டு. நீளமான வைக்கோல், நைலான் நூல் முதலியவற்றை விழுங்கினால் வரும். இரவு அடையும்போது தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும், விடியும்போது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் போல் இருந்தால் அடைப்பு என்று அறியலாம். குடற்புழுவைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. நன்றாகத் தின்றும் மெலிந்தே இருக்கும் குஞ்சுக்குப் புழு இருக்கலாம், அதற்கு மருந்து எளிதில் கிடைக்கிறது.

மாசி மாதம் கருப்புப் பெட்டை மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. பதினான்கு குஞ்சு பொரித்தது. இம்முறை நாங்கள் கொல்லையைக் கழுவவில்லை, காயவைத்தோம். அரிசி ஆலையில் ஒரு மூட்டை உமி வாங்கி, கூட்டின் தரையில் நான்கு விரற்கடை உயரம் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டோம். ஈரமான உமியை உடனே அள்ளி வெளியே போட்டோம். பஞ்சாரத்தைத் தினமும் ஓர் இடத்தில் கவிழ்த்தோம். முன்பு தண்ணீர்ச் சட்டியைத் தரையில் வைப்போம், குஞ்சுகள் அதில் ஏறி மிதித்துச் சுற்றிலும் சேறாக்கிவிடும். இப்போது செங்கல் மேல் வைத்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமானது காலை விளக்குமாறு. இரவில் போட்ட எச்சத்தை விடிந்ததும் கூட்டி எருக்குழியில் தள்ளிவிட்டால், கூடு முற்றுவதற்குள் அது குஞ்சின் அலகை விட்டு விலகிப் போய்விடுகிறது. இதற்குக் காசு செலவில்லை. அப்பத்தா தம் பங்குக்குப் பழைய பானையில் சாணமும் ஓலையும் வைத்துக் கவிழ்த்துக் கரையான் பிடித்துக் கொடுத்தார். அதைக் கண்டால் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடிவரும்.

தடுப்பு மருந்துக்குத் தெருவில் ஏழு வீட்டில் கேட்டோம். எல்லாருடைய குஞ்சுகளையும் சேர்த்தால் எண்பதுக்கு மேல் இருந்தது. ஒரு குப்பி வீணாகாது. பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் குப்பியைக் கொண்டுவந்து, ஒரே காலையில் வீடு வீடாகப் போய்ச் சொட்டு விட்டோம். மிச்சத்தைத் தள்ளிவிடச் சொன்ன பெரியம்மாதான் முதலில் தம் குஞ்சுகளைப் பிடித்துக் கொடுத்தார்.

பதினான்கில் ஒன்று முதல் வாரத்தில் பின்புறம் ஒட்டிச் செத்தது. ஒன்றைக் கீரி பிடித்தது. ஆனி மாதச் சாரலின்போது ஒரு குஞ்சு குறுகி நிற்கக் கண்டு, அன்றே எச்சத்தை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினோம். வெறும் சளிதான் என்றார் மருத்துவர். மீதி பன்னிரண்டும் வளர்ந்தன. அவற்றில் சேவல் ஐந்து. பழைய நால்வரில் இருந்த சேவல் இரண்டையும் சேர்த்து அம்மா ஆவணியில் விற்றார். தங்கைக்குக் கண்ணாடி வந்துவிட்டது.

இப்போது அவள்தான் காலையில் விளக்குமாற்றை எடுக்கிறாள். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, குனிந்து ஒவ்வோர் எச்சமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் கெட்டியாத்தான் இருக்கு" என்று கொல்லையிலிருந்து உரக்கச் சொல்கிறாள். நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருப்போம்.